ஓடும் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு கல் ஈ

ஓடுகிற தண்ணீரே இல்லாத ஊரில் மெய்யம்மைக்குக் கல் ஈ கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவில். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சனி ஞாயிறுகளில் மலையடிவாரத்து ஓடைகளில் இறங்கிக் கல்லைப் புரட்டுவேன். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கல் ஈயின் இளம்பூச்சியைத் தேடித்தான் அந்த அலைச்சல். பெயர்தான் ஈ; ஈக்கும் அதற்கும் உறவு கிடையாது. தட்டையான உடம்பு, இரண்டு வால், காலிடுக்கில் பஞ்சு வைத்ததுபோலச் செவுள். குளிர்ந்த தண்ணீர் வேண்டும், அது வேகமாக ஓட வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். தண்ணீரில் காற்று குறைந்தால் தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஏற்றி இறக்கிச் செவுளில் புதுத் தண்ணீர் படும்படி செய்துகொள்ளும். அதற்கு மேலும் தண்ணீர் கெட்டால் செத்துப்போகும். ஈப்போவைச் சுற்றி வெள்ளீயச் சுரங்கங்கள். ஈய மண்ணைக் கழுவிய சேறு எந்த ஓடையில் இறங்குகிறதோ அந்த ஓடையில் முதலில் காணாமல்போவது கல் ஈதான். நான் பிடித்துப் பழகிய ஓடைகள் ஒவ்வொன்றாகக் கலங்கிக்கொண்டிருந்தன.

பத்து வருடம் இப்படிப் பிடித்து, சாராயத்தில் போட்டு, ஐரோப்பாவில் ஓர் அறிஞருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் அதில் ஒன்றைப் புதிய இனம் என்று கண்டு, பெயர் வைத்து, கட்டுரையின் கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். என் பெயர் சாரதா. அதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள்.

மெய்யம்மை யார் என்று சொல்ல வேண்டும். சென்னையில் விலங்கியல் முதுகலை படித்தபோது என் அறைத்தோழி. பூச்சியியல் வகுப்பில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். என் குறிப்புகளைப் படித்துத்தான் தேறினாள். பிறகு காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆசிரியை ஆனாள். அவள்தான் எழுதியிருந்தாள்: சிவகங்கைப் பக்கம் கிணறு தோண்டிய இடத்தில், இலை பதிந்த களிமண் பாறைகளுக்கு நடுவே ஒரு பூச்சியின் இறக்கை கிடைத்திருக்கிறது, கல் ஈ மாதிரி தெரிகிறது, நீ வந்து பார்த்துச் சொல்லாமல் நான் எதுவும் பேசப்போவதில்லை.

அது கல் ஈயாக இருந்தால் என்ன ஆகும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கல் ஈக்கள் டைனோசர்களுக்கும் முந்தைய குடி. அவற்றில் இரண்டு பெரிய கிளைகள். ஒன்று வடக்கே பரவியது. ஆண் பூச்சி அடிவயிற்றால் கிளையில் தட்டித் தாளம் போட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது அந்தக் கிளையில்தான். இன்னொன்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா என்று தெற்கோடு நின்றுவிட்டது. அதற்குத் தாளம் தெரியாது. இந்தக் கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தவை என்று அப்போதுதான் பாடப்புத்தகங்களும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருந்தன. இந்தியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்த நிலம். ஆனால் இன்றைக்கு இந்தியாவில் உயிரோடிருப்பவை எல்லாம் வடக்கத்திக் கிளை. தெற்கத்தியார் இங்கே இருந்தார்களா, இருந்து அழிந்தார்களா, யாருக்கும் தெரியாது. சிவகங்கைக் களிமண் பாறை அந்தக் காலத்துப் படிவம். அதற்குள் ஓர் இறக்கை இருந்தால் அந்தக் கேள்விக்கே பதில் கிடைத்த மாதிரி.

அந்தப் பதில் என் தோளில் தூங்கியவளுக்குக் கிடைத்திருந்தது. பள்ளி விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அது இலையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன்.

காரைக்குடியில் இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. ஈப்போவிலும் வெயில் உண்டு. ஆனால் மத்தியானம் ஒரு மழை வந்து சமாதானம் சொல்லிவிட்டுப் போகும். இங்கே மழையின் பேச்சே இல்லை. ஊருணியில் மட்டும் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பெண்கள் குடத்தைச் சாய்த்து மெதுவாக மொண்டார்கள்.

மெய்யம்மை ரயில் நிலையத்துக்கே வந்திருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். அது அவளுக்கு நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட? தண்ணிக்குள்ளயே நின்னு ஊறிப்போயிட்டியா?" என்று கட்டிக்கொண்டாள்.

அவள் கணவர் வள்ளியப்பன் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். புதுவயலில் அவருக்கு அரிசி ஆலை. சட்டைக் காலரில் தவிடு ஒட்டியிருந்தது. "வாங்க வாங்க. உங்களப் பத்தி இவ பேசாத நாளே கிடையாது. கப்பல்ல வந்தீகளா, ஏரோப்ளேன்ல வந்தீகளா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் கூலியாள் ஒருவரிடம் வண்டி பேசப் போய்விட்டார்.

நான் உடனே கல்லைப் பார்க்க வேண்டும் என்றேன். மெய்யம்மை கேட்கவில்லை. "மொதல்ல சாப்பிடு. அது பத்துக் கோடி வருசமா அங்கனயேதான் இருக்கு. ஓடியா போயிரும்?"

வளவு என்று அவர்கள் சொல்லும் உள்முற்றத்தின் ஓரத்தில் இலை போட்டார்கள். இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும். அவளுடைய மாமியார் நின்று பரிமாறினார். கோசமல்லியில் புளியும் காரமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துப் போயிருந்தன. அதன்பின் கவுனி அரிசி வந்தது, கறுப்பாக, தேங்காய்ப்பூ தூவி. பர்மாவிலிருந்து வந்த அரிசியாம். ஈப்போவில் நான் பள்ளி முடிந்து வந்து ஒரு தட்டு நூடுல்ஸைக் கிண்டிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவள். இவள் கல்லூரிக்கும் போகிறாள், கல்லும் பொறுக்குகிறாள், வீட்டுக்கு வந்தால் இலையும் போட்டுத் தருகிறார்கள். நான் இரண்டு தரம் கவுனி அரிசி வாங்கிக்கொண்டேன். பொறாமைக்குப் பசி அதிகம்.

சாயங்காலம்தான் கல்லைக் கொண்டுவந்தாள். பழைய பட்டுச் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். உள்ளங்கை அளவு, சந்தன நிறம். முற்றத்தின் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, என் கைலென்ஸை வைத்துப் பார்த்தேன்.

இலை இல்லை.

இலை இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பின்னிறக்கை ஒன்று, விசிறிபோல மடிப்புகளோடு. நரம்புகள் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து விரிந்தன. கல் ஈயின் பின்னிறக்கைக்கும் இப்படித்தான் விசிறி உண்டு. அதற்கு அப்பால், உடம்பு இருந்திருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே, இரண்டு நீளக் கோடுகள், வால்போல. லென்ஸை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

"சொல்லேண்டி," என்றாள் மெய்யம்மை.

"பூச்சிதான். இறக்கைதான்."

"கல் ஈயா?"

விசிறி வைத்த பின்னிறக்கை கல் ஈக்கு மட்டும் உரியதல்ல. வெட்டுக்கிளிக்கு உண்டு, கும்பிடுபூச்சிக்கு உண்டு, கரப்பானுக்கும் உண்டு. முன்னிறக்கையையும் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இந்தப் பாதியில் அது இல்லை. "இந்தக் கல்லைப் பிளந்தபோது மறுபாதி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதுல ஒன்னும் தெரியல. அங்கனயே போட்டுட்டேன்."

முதலாண்டு மாணவிகூட அப்படிச் செய்யமாட்டாள். பிளந்த கல்லின் இரண்டு பாதியும் ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கம் மாதிரி. ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவளுக்கு அதிர்ஷ்டம்தான் இருக்கிறது, படிப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வள்ளியப்பன் சொன்னார். "நாளன்னைக்கு காலேஜுல கூட்டம் வச்சிருக்காக. மதுரையிலேர்ந்து புரொபசர் ஒருத்தர் வாராரு. இவதான் பேசப்போறா. நீங்க வர்ற நாளப் பாத்துத்தான் தேதியே வச்சாக."

"எல்லாரும் இவ கல்ல பாக்கணும்கிறாக," என்றாள் மெய்யம்மை. "நீ ஆமான்னு சொன்னா நான் மேடையேறிச் சொல்லிருவேன். இல்லன்னு சொன்னா பேசாம இருந்துருவேன்."

மறுநாள் காலையில் மறுபாதியைத் தேடிக் கிளம்பினோம். பேருந்து திருப்பத்தூர் தாண்டியதும் நடுவழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர் இந்தப் பேருந்து போன வாரமும் இதே இடத்தில்தான் நின்றது என்றும், மரம் நல்ல நிழல் என்றும் பெருமையாகச் சொன்னார். ஈப்போவில் பேருந்து நின்றால் ஆட்கள் சத்தம் போடுவார்கள். இங்கே வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

மெய்யம்மை சாலையில் நின்று கையை ஆட்டினாள். வந்தது அவளுடைய வீட்டு லாரியேதான். சிவகங்கைக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனது. இவளுக்கு நடுரோட்டில்கூட லாரி கிடைக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது. முன்னால் ஏறிக்கொண்டோம். ஓட்டுநர் செல்லையா நாங்கள் எதற்காகப் போகிறோம் என்று விசாரித்தார். நான் கல் ஈயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். காற்று குறைந்த தண்ணீரில் கல் ஈ தண்டால் எடுக்கும், பனியின்மேல் நடக்கிற கல் ஈ உண்டு, அமெரிக்காவில் ஓர் ஏரியின் ஆழத்திலேயே பிறந்து வளர்ந்து, இறக்கையே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிற கல் ஈ உண்டு, பல இனங்களில் வளர்ந்த பூச்சி ஒன்றுமே சாப்பிடாது, ஜோடி சேர்ந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும் என்றெல்லாம் சொன்னேன்.

"ஒன்னுமே திங்காதா?" என்றார் செல்லையா.

"சிலது திங்காது."

"அப்ப அதுக்கு நம்ம ஊரு லாயக்கில்ல," என்று சொல்லிவிட்டு ஹாரனை அடித்தார். மெய்யம்மை விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அது எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. குறிப்பு எடுத்துக்கொள்கிறாள், நாளைக்கு மேடையில் என் சரக்கை அவிழ்க்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

கிணறு தோண்டிய நிலம் கருப்பையா என்ற விவசாயியுடையது. வெட்டியெடுத்த களிமண் பாறை வீட்டைவிட உயரமாகக் குவிந்து கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் காய்ந்த தரை.

"ஆச்சி, திரும்பவும் வந்துட்டீகளா? இது யாரு?" என்று வரவேற்றார் கருப்பையா.

"என் கூட்டாளி. மலேயாவுலேர்ந்து வந்திருக்காக. பூச்சிக்கே இவுகதான் வாத்தியார்."

"நல்லா பாருங்க. கல்லுல இலை இருக்கு, பூச்சி இருக்கு, தண்ணிதான் இல்ல. அந்தா, அங்குட்டு வயக்காரன் தோண்டுனான். பாதி ஆழத்துல பொங்கிருச்சு. நான் அவன் கெணத்தப் பாக்குறதையே விட்டுட்டேன்." அவர் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டியே நின்றார். எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது.

குவியலின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மெய்யம்மையும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு துண்டாக எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். பெரணி மாதிரி இலைகள், சீப்புப் பற்கள் போன்ற இலைகள், நசுங்கிய தண்டுகள். கருப்பையாவின் மனைவி சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெய்யம்மை பக்கமே உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் அவள் பக்கம்தான் போய் உட்காருவார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபிறகு, சந்தன நிறத்தில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று என் கைக்கு வந்தது. விளிம்பைப் பார்த்ததுமே தெரிந்தது, அந்த மறுபாதிதான். நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு கணம் காது அடைத்துப்போகும் அளவுக்குச் சந்தோஷம். லென்ஸை வைத்தேன்.

மண் படிந்து மங்கலாக விசிறியின் பதிவு இருந்தது. அதற்குமேல், மெல்லிய மண் படலத்தின் கீழே, முன்னிறக்கை இருந்தது. நகத்தால் மண்ணைச் சுரண்டினேன். தடித்த, தோல்போன்ற இறக்கை. அது உடம்போடு சேரும் முனையில், நகத்தால் அழுத்திக் கீறியதுபோல, வளைந்த ஒரு பள்ளம். அந்த வளைவைப் பார்த்தபின் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. கல் ஈயின் முன்னிறக்கையில் அது கிடையாது. கரப்பானுக்கு உண்டு. ஈப்போவில் என் சமையலறை அலமாரிக்குப் பின்னால் ஓடுகிறதே, அதன் இறக்கையிலும் உண்டு. அந்த இரண்டு வால்கள்? இந்தப் பாதியில் அவை இறக்கையைத் தாண்டி நேராகப் போய், ஒரு இலைக்காம்பில் சேர்ந்தன.

கரப்பான்.

துண்டைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். குவியலுக்கு அந்தப் பக்கம் மெய்யம்மை ஏதோ சொல்ல, கருப்பையாவின் மனைவி சிரித்தார். நான் யோசித்தேன். கிடைக்கவில்லை என்று சொன்னால் போதும். நாளைக்கு அவள் மேடையேறுவாள். கல் ஈ, தெற்கத்திக் கிளை, கண்டங்கள் பிரிந்த கதை எல்லாம் சொல்லுவாள். கைதட்டுவார்கள். செய்தித்தாளில்கூட வரும். பிறகு ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ யாரோ ஒருவன் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுச் சிரிப்பான். நான் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கமாட்டேன். வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான்.

அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை இங்கே மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மோரைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் தடுத்தது நட்பு என்று எழுதினால் நன்றாக இருக்கும். நட்பு இல்லை. ஒரு கரப்பானைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் கல் ஈ என்று சொல்லுவார்கள், ஒரு வருடமாவது அந்தப் பெயரில் அது நிற்கும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. முட்டியளவு குளிர்ந்த தண்ணீரில் பத்து வருடம் நின்று நான் பழகிய பூச்சி அது. அதன் பெயரை இன்னொன்றுக்கு வைப்பதா? அவள் மேலிருந்த பொறாமையைவிட அந்தப் பூச்சியின் மேலிருந்த பொறாமை பெரிதாக இருந்தது.

"மெய்யம்மை, இங்க வா," என்றேன்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். லென்ஸைக் கையில் கொடுத்து, வளைவைக் காட்டினேன். கரப்பான் என்று சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றி வியர்வை கல்லில் சொட்டியது. அதைச் சேலையால் ஒற்றினாள்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"சரி," என்றாள்.

மூட்டையை இறக்கிவிட்டு வந்த அதே லாரியில் திரும்பினோம்; செல்லையா ஏதேதோ கேட்டுப் பார்த்தார். மெய்யம்மை அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள். வீடு சேர்ந்ததும் அவள் அறைக்குள் போய்விட்டாள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வைத்தார்கள். எனக்கு மட்டும் இலை. நான் நினைத்ததுபோல எனக்குச் சந்தோஷமாக இல்லை. பணியாரத்தைப் பிட்டேன், வாய்க்குப் போகவில்லை. தெற்கத்தியார் இங்கே இருந்தார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. அது மெய்யம்மையின் கல் ஈயாகவாவது இருந்திருக்கலாம்.

"என்னங்க ஆச்சு? சண்டையா?" என்று வள்ளியப்பன் மெதுவாகக் கேட்டார்.

"அது கரப்பான் பூச்சி," என்றேன்.

"கரப்பானுக்கு இவ்வளவு வயசா?" என்றார்.

கூட்டத்துக்கு நான் போக விரும்பவில்லை. மெய்யம்மை விடவில்லை. கண் வீங்கியிருந்தது, ஆனாலும் நல்ல சேலையாகக் கட்டி, பூ வைத்துக்கொண்டு, இரண்டு பாதிக் கல்லையும் பட்டுத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டாள். கூடம் நிறைந்திருந்தது. மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் முதல் வரிசையில், என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

அவள் மேடையில் ஏறி இப்படித்தான் ஆரம்பித்தாள். "நான் இன்னைக்கு ஒரு கல் ஈயைப் பத்திப் பேசுறதா இருந்தேன். நேத்து மத்தியானம் அது கரப்பானா மாறிருச்சு."

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். பிறகு மறுபாதியை விட்டுவிட்டு வந்த தன் அவசரத்தைச் சொன்னாள். ஈப்போவிலிருந்து வந்த தோழி வெயிலில் உட்கார்ந்து அதைத் தேடியெடுத்ததைச் சொன்னாள். என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். வளைந்த பள்ளத்தைக் கரும்பலகையில் வரைந்தாள். கிணற்றின் அடியில், இலைகளோடு சேர்ந்து, கண்டங்கள் பிரிந்துகொண்டிருந்த காலத்துக் கரப்பான் ஒன்று படுத்திருந்ததை அவள் சொன்ன விதத்தில், பிள்ளைகள் அடுத்த நாளே சிவகங்கைக்குக் கிளம்பிவிடுவார்கள் போலிருந்தது. பேராசிரியர் என் பக்கம் குனிந்து, "தப்பை ஒத்துக்கிட்டே கைதட்டு வாங்கற ஆளை நான் பார்த்ததே இல்லை," என்றார்.

நானும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்ட பொறாமையை இத்தனை நாளில் வேறு எதற்கும் பட்டதில்லை. கல் அவளுக்குக் கிடைத்தது. கல் பொய்த்துப்போனதும் அவளுக்கே லாபமாகிவிட்டது. சரியாகச் சொன்னவள் நான், கைதட்டு அவளுக்கு.

வெளியே வந்ததும் அதை அவளிடமே சொல்லிவிட்டேன். கல்லூரி வாசலில், வெயிலில் நின்றுகொண்டு. "உன்மேல எனக்குப் பொறாமையா இருக்கு. கிளம்பின நாள்லேர்ந்து அது இலையா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "போடி," என்றாள். "எட்டு வருசமா பிள்ளைகளுக்குக் கல் ஈ பாடம் எடுக்குறேன். போர்டுல வரையிறேன். ரெண்டு வால், காலுக்குப் பக்கத்துல செவுள்னு சொல்றேன். அதுக தண்டால் எடுக்குமாம், நீ நேத்து லாரியில சொல்லித்தான் தெரியும். உயிரோட ஒன்னக்கூட நான் பாத்தது கிடையாது. இந்த ஊருல எங்க போய்ப் பாக்குறது? ஊருணியிலயா? நீ எழுதுறப்பல்லாம் இந்த ஓடை, அந்த ஓடைன்னு எழுதுவ. படிச்சுட்டு மடிச்சு வச்சுருவேன். எங்க வீட்டுக்காரவுகளுக்குக்கூடக் காட்டமாட்டேன். பொறாமைன்னா அதுதான்."

அந்தக் கல்லை ஏன் அப்படிப் பட்டில் சுற்றி வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. லாரியில் ஏன் அப்படி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு வந்தாள் என்பதும் விளங்கியது.

"கொடைக்கானல் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

வள்ளியப்பன் ஆலையை விட்டு வர முடியாது என்றார். எங்கள் இரண்டு பேரையும் மட்டும் அனுப்பிவைத்தார். மலைப்பாதையில் பாதி வழிக்கு மேல் மெய்யம்மைக்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். நாங்கள் போன ஓடை மரநிழலில், பாசி பிடித்த பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தவள், "ஐயோ, குளிருதுடி!" என்று கத்தினாள். ஓடுகிற தண்ணீரில் நின்று பழக்கமில்லாததால் கையை விரித்துத் தடுமாறினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

எதிர்பார்ப்பை நிறைய வளர்த்துக்கொள்ளாதே என்று அவளை எச்சரித்தேன். ஒரு நாளில் கிடைத்துவிடாது. எனக்கு முதல் கல் ஈ கிடைக்கப் பல மாதம் ஆனது. நூற்றுக்கணக்கான கற்களைப் புரட்டினேன், அட்டை கடித்துக் காலெல்லாம் புண்ணானது. கல்லை எப்படிப் பிடிக்க வேண்டும், வலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எப்படிப் பதறாமல் திருப்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் காதில் வாங்காமல் குனிந்து, காலடியில் கிடந்த கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினாள். ஈரம் மினுங்கும் அடிப்பக்கத்தில், பழுப்பு நிறத்தில், இரண்டு வாலோடு ஒன்று விளிம்பை நோக்கி ஓடியது.

"இதானாடி?" என்றாள்.

முதல் கல்லிலேயே.

"அதேதான்," என்றேன். உலகத்தில் இருக்கிற எரிச்சல் எல்லாம் என் வயிற்றில் இருந்தது. ஆனால் அவள் அந்தக் கல்லை ஏந்தி நின்ற கையை நான் விடவில்லை. அது வழுக்கி விழுந்துவிடாமல் அடியில் என் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தேன்.